இருப்பிடம் உறுதியாகும்வரை வண்டி நகராது

தான் நிற்கும் இடத்தை அறியாத மனிதன், தான் சேர வேண்டிய இடத்தை ஒருநாளும் அடைய மாட்டான். இந்தப் பேருண்மையைத் தீயணைப்புத் துறையின் தலைமை அலுவலகம் ஒரு நற்பொழுதில் உணர்ந்தது. உணர்ந்ததோடு நில்லாமல், அதைச் சுற்றறிக்கையாகவும் வெளியிட்டது.

அதன்படி ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் வழிகாட்டும் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. அக்கருவி வானிலுள்ள செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடித்து, தான் இருக்கும் இடத்தைக் கணித்து, பச்சை விளக்கை எரியவிடும். விளக்கு எரியும்வரை வண்டியை நகர்த்தலாகாது. காரணம் மிகவும் நியாயமானது. எங்கிருந்து புறப்பட்டது என்றே தெரியாத வண்டி, எங்கே போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்ததாகக் கொள்ள முடியாதல்லவா?

கருவி நிதானமாகத் தேடியது. துறைக்கோ அவசரம் உயிர்மூச்சு. எனவே தலைமை அலுவலகத்தில் ‘சிக்னல் துரிதப் பிரிவு’ என்றொரு பிரிவு தோன்றியது. அப்பிரிவினர் பல கூட்டங்கள் கூடி ஆராய்ந்து, கருவிக்கு அதன் இருப்பிடத்தை உத்தேசமாகச் சொல்லிவிட்டால் அது விரைவில் சிக்னலைப் பிடித்துவிடும் என்று கண்டறிந்தார்கள். உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் இருப்பிடம் என்பது கனத்த விஷயம். கண்டவரும் சொல்லக் கூடாது. ஆகவே அதைச் சொல்லும் அதிகாரத்தைத் துரிதப் பிரிவு தானே வைத்துக்கொண்டது.

நம் கதையின் நிலையம், தகரக் கூரை வேய்ந்த நீண்ட கொட்டகை. அதற்கு நேர் எதிரே ஒரு பேக்கரி. இடையில் ஒரு சாலை. அந்தச் சாலையின் நடுவே இடுப்புயரத் தடுப்புச் சுவர். பேக்கரிக்காரர் தம் கடைவாசலில் நின்று பன்னை வீசினால், வண்டியின் ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே பிடித்துவிடுவார். அவ்வளவுதான் தூரம்.

கருவி வந்தபின் ஊரில் எங்கும் தீப்பிடிக்கவில்லை. இதைக் கருவியின் முதல் வெற்றியாகத் துறை கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஒரு பிற்பகலில் பேக்கரியின் புகைபோக்கி பற்றிக்கொண்டது.

பேக்கரிக்காரர் தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார். அவர் மனைவி மாவு படிந்த கைகளுடன் பின்னாலேயே வந்தார். அந்த அடுப்பும் அந்தக் கூரையும்தான் அவர்களுடைய பிழைப்பு. கடை எங்கே இருக்கிறது என்று நிலைய அலுவலர் கனிவுடன் கேட்டார். தினமும் மாலையில் அங்கே பிஸ்கட் வாங்குபவர்தாம். ஆயினும் தாம் அறிந்தது வேறு, துறை அறிந்தது வேறு என்ற வேறுபாட்டை அறிந்த நேர்மையாளர்.

“எதிர்லதான் சார். கையை நீட்டினா தொட்டுடலாம். இப்ப தொட்டா சுடும்.”

ஓட்டுநர் சாவியைத் திருகிவிட்டுக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தேடுது அண்ணே.”

“எதைத் தேடுது?” என்றார் பேக்கரிக்காரர்.

“நாம எங்க இருக்கோம்னு.”

“இங்கதானே இருக்கோம்?”

“அது நமக்குத் தெரியும். இதுக்குத் தெரியணுமே.”

தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் எப்படிக் கிடைக்கும், வண்டியைக் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள் என்றார் மனைவி. தள்ளுவதும் நகர்த்துவதே என்று அலுவலர் விளக்கினார். சரி, குழாயை மட்டுமாவது இழுத்துக்கொண்டு போங்கள் என்றார். குழாய் வண்டியின் உறுப்பு. உறுப்பு போனால் வண்டி போனதாகவே பொருள் என்று அதற்கும் விடை இருந்தது. வாதத்தில் அந்த அம்மாள் தோற்றுப்போனார். கடையின் முன்பக்கம் பற்றிக்கொண்டது.

அலுவலர் கடமை தவறாதவர். உடனே துரிதப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

“உத்தேசமா எங்க இருக்கீங்க?”

“நிலையத்துலதான் சார்.”

“அது நீங்க சொல்றது. கருவி என்ன சொல்லுது?”

“நீங்க சொன்னா அது சொல்லுமாம் சார்.”

“அது சொன்னாத்தானே நாங்க சொல்ல முடியும்.”

இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால் உரையாடல் அத்துடன் இனிதே முடிந்தது.

நெருக்கடியில்தான் மனிதனின் அறிவு ஒளிர்கிறது. வண்டி நகரக் கூடாது என்று சுற்றறிக்கை சொல்கிறதே தவிர, கூரை நகரக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை என்பது அலுவலருக்குப் பளிச்சென்று புலப்பட்டது. உத்தரவு பிறந்தது. வீரர்கள் ஏணியில் ஏறித் தகரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். அத்தனை வேகத்தை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது. அத்தனை கைகளிலும் கைபேசி. ஒரு கையிலும் வாளி இல்லை.

கடைசித் தகரம் இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் கைதட்டியது. பேக்கரிக்காரரும் தம்மை மறந்து தட்டினார். மனைவி முழங்கையால் இடித்த பிறகே நிறுத்தினார்.

தடுப்புச் சுவர் இருந்ததால், இடப்புறம் திரும்பி, சந்தையைச் சுற்றி, மேம்பாலத்தில் ஏறி இறங்கி வரும்படி கருவி வழிகாட்டியது. வண்டி அவ்வாறே வந்து சேர்ந்தது. பேக்கரியின் கூரை சரிந்து, நான்கு சுவர்களும் வானமும் எஞ்சியிருந்தன. சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள் என்று கருவி அறிவித்தது.

பின்னர் துரிதப் பிரிவிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். தீயைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையடக்கக் கருவியுடன் சாம்பலுக்கு நடுவே போய் நின்றார். அதை இயக்கிய கணமே பச்சை எரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. பேக்கரிக்காரரின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“ஊர்லயே உங்க கடையிலதான் இவ்வளவு சீக்கிரம் கிடைக்குது.”

“கூரை இல்ல, அதனால கிடைக்குது. கூரை ஏன் இல்லைன்னு கேட்டீங்களா?” என்றார் மனைவி.

“அது வேற பிரிவும்மா.”

அந்த இடம் ‘முன்மாதிரித் திறந்தவெளி’ என அறிவிக்கப்பட்டது. இனி அங்கே கூரை போடக் கூடாது. வெட்டவெளியில் அடுப்பை எப்படி மூட்டுவது, மாவை எங்கே வைப்பது என்று பேக்கரிக்காரர் மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. இனி அக்கம்பக்கத்தார்தாம் துணை என்று வீடு வீடாகச் சென்று, தமக்காக ஒரு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார்.

தெரு மொத்தமும் திரண்டு வந்தது. ஒவ்வொருவரும் சாம்பலில் நின்று தம் கைபேசியை உயர்த்திப் பார்த்தார்கள். தையற்கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

“என் வீட்ல இது சுத்திக்கிட்டே கிடக்கும். உங்களுக்கு யோகம் அண்ணே.”

பிறகு எல்லோரும் ஒன்றுசேர்ந்து தலைமை அலுவலகத்துக்குச் சென்றார்கள். பேக்கரிக்காரருக்காகப் பேசவில்லை. ஒரே தெருவில் ஒருவருக்கு மட்டும் இச்சலுகை என்ன நியாயம் என்று கேட்டார்கள். துறை என்றும் சமநீதி வழுவாதது. ஏணிகளை உடனே அனுப்பிவைத்தது. ஒவ்வொரு வீட்டின் கூரையாக இறங்க இறங்க, பேக்கரிக்காரரின் துயரமும் இறங்கியது. எல்லாம் தம் கடையில்தான் தொடங்கியது என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளலானார்.

அன்பர்களே, முன்னேற்றத்தைப் பழிப்பவர் பழிக்கட்டும். நாம் அத்தெருவாரைக் கண்டேனும் திருந்துவோமாக. பருவமழை தொடங்கிய அன்று, வீட்டுக்கு வீடு, நடுக்கூடத்தில், தலைமுதல் கால்வரை தண்ணீர் சொட்ட நின்ற அவர்களுள் எவருக்கும், தாம் நனைந்துகொண்டிருப்பது எந்த இடத்தில் என்பதில் அணுவளவும் ஐயம் எழவில்லை.