சமாதானம் அண்ணாச்சியின் சிவப்பு பல்பு

தாராவியில் இரண்டு பூனைகள் முறைத்துக்கொண்டால்கூட, நடுவில் போய் நின்று இரண்டு தரப்பு நியாயத்தையும் கேட்காமல் நகராத மனிதர் சமாதானம் அண்ணாச்சி. எண்பதுகளில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் சாலில், எங்களுக்கு அடுத்த கதவு அவருடையது. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, ரேஷன் கடைக்காரர்கூட 'சமாதானம்' என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் கல்யாணிலிருந்து அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளை வாங்கி, லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அறையில் பாதியைப் பலகையால் தடுத்து, குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும் என்று பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். மீதிப் பாதியில் அவரும் அவர் மனைவியும். அவளை நான் மதினி என்பேன்.

கொஞ்ச நாள் ஒரே கொஞ்சல். பிறகு ஒரு குஞ்சு இன்னொன்றின் கால்விரலைக் கொத்தியது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவையும் கூடி அதன் வால்பக்கத்தைக் கிழித்துவிட்டன. அண்ணாச்சிக்கு மானம் போய்விட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிடாமல், வாசலில் மதினியின் சேலையைத் திரையாகக் கட்டினார். சுவர் வழியாக அவர் கெஞ்சுவது எங்களுக்குக் கேட்கும்.

"ஒரே பெட்டியில வந்த பிள்ளையதான? இப்படி அடிச்சுக்கிட்டா நான் எப்படிலே வெளிய தலைகாட்ட?"

"ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து. வீட்டுக்குள்ள வெட்டுக்குத்து," என்பாள் மதினி.

தீவனக் கடைக்காரரிடம் போய்த் தலைகுனிந்து நின்றார். அவர், "பீட் ஜாஸ்தி, கர்மி ஜாஸ்தி, லைட் ஜாஸ்தி" என்று நெரிசலையும் சூட்டையும் வெளிச்சத்தையும் குற்றம் சொல்லி, "லால் பல்ப் லகாவ் பாய்" என்றார். சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தெரியாதாம், கொத்தவும் தோன்றாதாம். அண்ணாச்சி காயம்பட்ட குஞ்சைத் தனியே எடுத்து ஊதா மருந்து தடவினார். மற்றவை கொத்தி விளையாடக் கீரைக்கட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சிவப்பு பல்பையும் மாட்டினார்.

உள்ளே அமைதி வந்தது. வெளியேதான் வினை. சேலைத் திரை வழியாகச் சந்து முழுக்கச் சிவப்பு வெளிச்சம். பம்பாயில் ஒரு வாசலில் அப்படிச் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்பிளைகள் என்ன நினைப்பார்கள் என்பது அந்தப் பச்சைமண்ணுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம்தான் என்னைப் பெண் பார்க்கச் செம்பூரிலிருந்து வந்தார்கள். அவர்கள் சந்துக்குள் நுழையும் நேரம், எவனோ ஒருவன் தலையைச் சீவிக்கொண்டே வந்து அண்ணாச்சி வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டான்.

"அந்தர் ஆவூம் க்யா, சேட்?"

"ஆவோ, ஆவோ! அபி சப் ஷாந்த் ஹை!"

இப்போது எல்லாம் சாந்தமாகிவிட்டது என்று சொல்லி, குஞ்சுகளைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்ற பெருமையில் அண்ணாச்சி அவன் கையைப் பிடித்தே உள்ளே கூட்டிப்போனார். போன வேகத்தில் அவன் வெளியே ஓடிவந்தான். பின்னாலேயே அகப்பையோடு மதினி.

"எடுபட்ட பயலே! குடும்பம் இருக்க வீடுல இது!"

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். "இந்த மாதிரி இடம்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே!"

என் அப்பா கூனிக் குறுகினார். நான் கதவிடுக்கில் பட்டுச்சேலையோடு நின்று, தரை பிளக்காதா என்று பார்த்தேன்.

அப்போதுதான் அண்ணாச்சிக்கு விளங்கியது. முகம் பல்பைவிடச் சிவந்தது. காயம்பட்ட குஞ்சை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார்.

"அக்கா, வெளக்கு எங்க வீட்டுது. குஞ்சுக கொத்தாம இருக்கதுக்குப் போட்டது. இந்தா பாருங்க, இதுதான் அடிபட்ட புள்ள. பொண்ணு வீட்டை ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய."

சொன்னதோடு விடாமல், குஞ்சைத் திருப்பி அதன் ஊதாப் பின்புறத்தை அந்த அம்மாளின் மூக்குக்கு நேரே காட்டினார். வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

மறுநாளே அண்ணாச்சி குஞ்சுகளில் பாதியைப் பட்டறை மாடிக்கு மாற்றி, பல்பைத் தகரத்தால் மறைத்தார். இடம் தாராளமானதும் மிச்சமிருந்த கொத்தலும் நின்றது. அவர்தான் தேறவில்லை. என் கண்ணில் படாமல் இருக்கச் சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனார். யார் வீட்டில் சண்டை என்றாலும், "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மதினியிடம் ரகசியமாகப் பேசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வாசலிலேயே, ஒரு வாளிக்காக நானும் மதினியும் குடுமிப்பிடியில் இறங்கினோம்.

"ஏட்டி, வாளிய விடுதியா, இல்லியா?"

"மாட்டேன் மதினி! இது எங்க வாளி!"

கதவு திறந்தது. அண்ணாச்சி பனியனோடு ஓடிவந்து நடுவில் நின்றார். "பொறுங்க, பொறுங்க. மொதல்ல நீ சொல்லும்மா," என்று எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

வாளி யாருடையது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நாங்கள்தான் நிறுத்தவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் எங்களுக்கு நடுவில் நிற்கட்டும் என்று விடாமல் சண்டை போட்டோம்.