உண்டியல் நிறைந்தது, டெபாசிட் போனது

சட்டசபைத் தேர்தலில் நிற்பது என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்தேன். மனைவியிடம் சொன்னேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

எங்கள் தெரு முடிகிற வளைவில் விளக்கு கிடையாது. அந்த இருட்டில்தான் எங்கள் ஒரே மகளை லாரி அடித்துப் போட்டது. விளக்குக் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து என் செருப்புத்தான் தேய்ந்தது. நானே எம்.எல்.ஏ. ஆகிவிட்டால் என் மனுவை நானே வாங்கிக்கொள்ளலாமே. இதுதான் திட்டம்.

என் தொழில் மைக்செட், சீரியல் லைட் வாடகை. நான் பல்பு கட்டாத கட்சி மேடை இல்லை. அந்தத் தெம்பில் உண்டியலோடு நன்கொடைக்குக் கிளம்பினேன். என்னைக் கண்டதும் கடைக்காரர்கள் கல்லாவை மூடிவிட்டுக் கொட்டாவி விட்டார்கள்.

மனைவி உண்டியலைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க மூஞ்சிக்கு யாரும் தரமாட்டாங்க. நான் போறேன்."

சாயங்காலமே உண்டியல் கனத்தது. பால்காரர், டீச்சர், மகளோடு படித்த பெண்கள் என்று எல்லோரும் கொடுத்தார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சாவி அவள் இடுப்பில்.

"பேனர் அடிக்கணும்."

"பழைய பேனரோட பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு."

"வேன்?"

"உங்க ஸ்கூட்டருக்கு என்ன கேடு?"

"வசூல் பண்ணினது செலவு பண்ணத்தானே?"

"பண்ணத்தான் போறேன்."

காற்றடித்தால் பேனரில் என் முகம் போய் ஜவுளிக்கடைத் தள்ளுபடி வந்தது. ஜனங்கள் அதைத்தான் நின்று படித்தார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். டெபாசிட் போனது. உண்டியலில் காசு போட்டவர்களில் பாதிப்பேர் ஓட்டுப் போட்டிருந்தால்கூட இவ்வளவு அவமானம் இல்லை. பெரிய ரோட்டில் தலைகாட்ட வெட்கப்பட்டு, மகள் போனதிலிருந்து நான் கால் வைக்காத அந்த வளைவு வழியாக வீட்டுக்குத் திரும்பினேன்.

வளைவில் வெளிச்சம். புதுக் கம்பம், புது விளக்கு. கீழே மனைவி நின்றிருந்தாள்.

"தேர்தலுக்குன்னு நான் யார்கிட்டயும் கேக்கல. நம்ம பொண்ணு விழுந்த எடத்துல லைட்டுன்னுதான் கேட்டேன். குடுத்தாங்க. கரண்ட்டு இந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர் குடுக்கறார்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பேனே."

"ஊர் மேடைக்கெல்லாம் கட்டறீங்க. இந்தப் பக்கம் மட்டும் வரவே மாட்டேங்கறீங்க. நான் என்ன செய்யட்டும்?"

சட்டசபைக்குக்கூடப் போகத் துணிந்தவன், இந்த வளைவுக்கு வரப் பயந்திருக்கிறேன். வெளிச்சத்தில் ரோடு வெறும் ரோடாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன். அவளும் அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"போடல. நீங்க பாட்டுக்கு ஜெயிச்சு சட்டசபைக்குப் போயிட்டா, தெனம் சாயங்காலம் இந்த சுவிட்ச யாரு போடறது?"