வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்த விசில்காரர்

எங்கள் ராசிபுரம் பக்கம் மழைக்காகக் காத்திருக்காத ஆள் கிடையாது. வெள்ளத்துக்காகக் காத்திருந்தவர் விசில்காரர் ஒருவர்தான்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் கிளீனராக ஏறி, இன்றைக்குச் சொந்தமாக மூன்று வண்டி ஓட்டுகிறேன். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீரைத் தேடிப் பிழைப்பவனிடம் வந்து, வாசலுக்கே தண்ணீர் வரும் என்று பாடம் எடுத்தார் அவர்.

ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஒருநாள் பேரிடர் பயிற்சிக்குப் போனவர், ஆரஞ்சு கோட்டும் விசிலுமாகத் திரும்பி வந்தார்.

"ஏரி உடைஞ்சு தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்கண்ணா?" என்று என்னிடம் கேட்டார்.

"மோட்டார் வச்சு எறைச்சுத் தோட்டத்துக்கு உட்ருவேன்."

"விசில் ஊதுனா எல்லாரும் கல்யாண மண்டபத்துக்கு வந்தரோணுமுங்க" என்று தெரு முழுக்கச் சொன்னார். மறுநாள் ஊதினார். குப்பை வண்டி என்று தெருவே திரண்டது, கையில் மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு வாளி. வாளி கூடாது என்று சொல்லி அடுத்த வாரம் ஊதினார். ஒருவரும் வரவில்லை.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மதியம் ஏரிக்கரை கசிய ஆரம்பித்தது. உடைந்தால் முதலில் முழுகுவது எங்கள் தெருதான். ஜீப்பில் வந்த அதிகாரிகள், பொதுமக்கள் மண்டபத்துக்குச் செல்லவும் என்று மைக்கில் சொல்லிவிட்டு, கீழே இறங்காமலே போனார்கள். தெரு அசையவில்லை.

"எந்திரிங்கக்கா, தண்ணி வருது" என்று கெஞ்சினார் விசில்காரர்.

எதிர்வீட்டுப் பாவாயி அக்கா நகரவில்லை. "யாரு ஊடு தேடி வந்து கூப்புட்டாங்க? போற போக்குல சொன்னா மண்டபத்துக்குப் போயி நின்னர்றதா?"

விசில்காரர் வீட்டுக்கு ஓடினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமத்தோடு வந்து வாசல் வாசலாக நின்றார். "நம்மூட்டு விசேஷமா நெனச்சுக் குடும்பத்தோட வந்தருங்க. முன்னாடியே வந்தரோணும்."

பட்டுச்சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியவர்களை நானே பார்த்தேன். அரை மணியில் தெரு காலி.

என் வாசலுக்கு மட்டும் தட்டு வரவில்லை. "கூப்புடாட்டிப் போச்சாதுங்க, போலாம் வாங்க" என்றாள் மனைவி. நானா போவேன்? தெருவிலேயே பெரிய வீடு என்னுடையது.

கரை உடைந்தது. முழங்கால் தண்ணீரில், தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார் விசில்காரர்.

"இன்னும் இங்கதான் இருக்கறீங்களா?"

"என்னையக் கூப்புடலியே."

"உங்குளுது மாடி ஊடு, கடைசியாக் கூப்புட்டாலும் தாங்குமுன்னு உட்டுட்டனுங்க. கோவிச்சுக்காம வெத்தலை எடுத்துக்கங்கண்ணா."

எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, தெருக்கோடிப் பள்ளத்தில் இருந்த அவர் வீடு முழுசாக மூழ்கிப்போனது. அதிலிருந்து மிஞ்சிய சாமான் அந்தத் தாம்பாளம் ஒன்றுதான்.

போன தை மாதம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் காலையில் குப்பை வண்டி விசில் கேட்டதும், வாளியை எடுக்காமல் வெறுங்கையோடு வாசலுக்கு வருகிற ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான்.