நாலு சில்லுக்கு ஒரு விசிறி

பிள்ளையார்பாளையம்,
வைகாசி 10.

அன்புள்ள மச்சான் ஆனந்தகுமாருக்கு, உன் அக்கா புருஷன் திருஞானசம்பந்தம் எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா கலாவதியும் சௌக்கியம். நீ அனுப்பிய டிரைவர்தான் சௌக்கியமாக இல்லை. ஓசூரில் நீயும் வீட்டாரும் கல்யாணப் பெண் சங்கீதாவும் நலமாக இருப்பீர்கள். போன் செய்தால் நான் வாயைத் திறக்குமுன்பே "ஃபேன் வைங்க மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் மகள் தன் கல்யாணப் புடவை முந்தியில் அவளே வரைந்த யாளி வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். யாளி தறியில் இறங்க வேண்டுமானால், எந்த இழையைத் தூக்குவது என்று தறிக்குச் சொல்ல அதற்கென்று ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். அட்டை அடிக்கிறவரைக் கேட்டால் ஆடி மாதம் என்கிறார், முகூர்த்தமோ ஆனி ஐந்து. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓட்டை போடுகிற சிஎன்சி மெஷின் ஒன்றை வீட்டிலேயே கட்டி நானே அடித்துத் தருகிறேன் என்றேன். மரச்சட்டம் என்னுடையது. ஸ்டெப்பர் மோட்டாரும், அந்த மோட்டாரை இத்தனை அடி நகரு, இங்கே நில் என்று விரட்டுகிற நகம் அகலத்து டிரைவர் சில்லுகள் நாலும் நீ அனுப்பியவை. முதல் பதினோரு அட்டை பிசகில்லாமல் வந்தது. பன்னிரண்டாவதில் மோட்டார் நின்றுபோனது. டிரைவரைத் தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. அது சூடு தாங்காமல் தானே அணைந்து, ஆறினதும் தானே எழுந்து, எங்கே விட்டோம் என்பதே தெரியாமல் இரண்டு ஓட்டை தள்ளி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. யாளியின் கண் காதுக்குப் போய்விட்டது.

நீ ஃபேன் என்கிறாய். நீயும் தறி வீட்டில் பிறந்தவன்தானே, ஓசூர் போனதும் மறந்துபோச்சா? தறி ஓடுகிற அறையில் காற்றாடி சுற்றக் கூடாது, பட்டு இழை ஆடும், சிக்கும், அறும். எங்கள் வீட்டில் மெஷின் வைக்கிற அளவுக்கு இருப்பது அந்த ஒரே அறை. நீ சொன்னாயே என்று டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்தேன். காற்று சுவரில் முட்டித் திரும்பிப் பாவில் விழுந்து முப்பத்து நாலு இழை அறுந்தது. உன் அக்கா அரைநாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டாள். "கத்திரி வெயில்ல கூட முப்பது வருஷமா என் தலைக்கு மேல சுத்தாத காத்தாடி, இந்த நாலு மூட்டப்பூச்சிக்குச் சுத்தணுமா?" என்று கேட்டாள். ஃபேன் இப்போது பரண்மேல் இருக்கிறது.

சூட்டுக்குச் சந்தனம் என்று அரைத்துப் பூசினேன். காய்ந்து ஓடாகி, உள்ளே இருந்த சூடும் வெளியே வர வழியில்லாமல் போனது. வீட்டிலேயே குளுமையான இடம் உன் அக்கா கால் வைக்கிற தறிக்குழிதானே, சரி, டிரைவர் பலகையை அதற்குள் இறக்கினேன். நல்லாத்தான் ஓடிக்கினு இருந்தது. இவள் மிதியை மிதிக்கும்போது கால் ஒயரில் மாட்டி, ஓடுகிற மோட்டாரின் இணைப்பு பிடுங்கிக்கொண்டு, பட்டென்று ஒரு டிரைவர் கருகிவிட்டது. என் காலுக்கு ஏதாச்சும் ஆச்சான்னு கேட்டீங்களா என்று இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. நான் கேட்கவில்லைதான், தப்புதான். புது டிரைவர் கருட சேவைக் கூட்டத்தில் மாட்டிக்கினு நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

இப்போ என்ன பண்றேன் தெரியுமா? தறிக்கும் மெஷினுக்கும் நடுவுல வேட்டியைத் திரையாக் கட்டிட்டு, பனை விசிறியால காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் டிரைவருக்கு வீசிக்கினு இருக்கேன். வேகமா வீசினா இழை ஆடுது, மெதுவா வீசினா சூடு ஏறுது. எதிர்வீட்டுக் காசிநாதன் எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா ஜுரம்?"னு கேட்டாரு. சொன்னேன். அதுலேருந்து தெருவுல யார் பார்த்தாலும் "ஜுரம் இறங்குச்சா?"ன்னுதான் விசாரிக்கிறாங்க. முந்திக்கு இன்னும் ஒரு முழந்தான் பாக்கி. அதுக்குள்ள அட்டை முடியலேன்னா தறி நின்னுடும், யாளி இல்லாத புடவையோட உன் பொண்ணு மணையில உக்காருவா. எனக்குப் பயமா இருக்குது மச்சான். தண்ணி ஓடிக் குளுரவைக்கிற பம்பு ஏதோ இருக்குதாமே, அதை உடனே அனுப்பு. இல்லைன்னா நீயே வந்து வீசு.

சங்கீதாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். உன் வீட்டில் எல்லோரையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். காமாட்சி துணை.

இப்படிக்கு,
நொந்துபோன அக்கா புருஷன்,
திருஞானசம்பந்தம்.

பி.கு.: தபால்ல சேர்க்காம மூணு நாள் ஆயிடுச்சு. பம்பு வேணாம். முந்தாநாள் சங்கீதா வீடியோ கால்ல மெஷினைப் பார்த்துட்டு, "மாமா, ஒவ்வொரு டிரைவர்லயும் கடுகாட்டம் ஒரு ஸ்க்ரூ இருக்குது பாருங்க, கரண்ட்டை முழுசா ஏத்தி வெச்சிருக்குது, கொஞ்சம் குறைங்க. அப்பா சொல்லலையா?"ன்னா. கலாவதிதான் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரால கால் சுத்து திருப்பினா. அவ்வளவுதான், சூடு அடங்கிடுச்சு. அட்டை மொத்தமும் முடிஞ்சு, முந்தியில யாளி கண்ணும் காதும் அதது இடத்துல வந்துக்கினு இருக்குது. விசிறியைத் தூக்கி மூலையில வெச்சேன். தறியிலேருந்து உங்க அக்கா, "இழை ஆடாம வீசத்தான் கை பழகிடுச்சே, இப்படி வந்து என் முதுகுப் பக்கம் உக்காருங்க"ன்னா. முப்பது வருஷத்துல எனக்கு இது ஒரு நாள் கூடத் தோணல, அதனால விசிறியைத் திரும்ப எடுத்துக்கினு போய் உக்காந்துட்டேன். விசிறி நின்னா தறியும் நிக்குது. இன்னைக்குக் காலையில, கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். "ஃபேன் வைங்க மாமா"ன்னு உன் குரல்லயே சொல்லிட்டுச் சிரிக்கிறா.