அக்கா கேக்கும் அஞ்சு முந்திரியும்

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எனக்கு ஒரே ஒரு வேலைதான். அக்கா கலக்கி வெச்ச கேக்கு மாவை ரங்கூன் லத்தாப் பேட்டையில இருக்கற ரொட்டிக்கடைக்குக் கொண்டு போயி, அடுப்புல வேக வெச்சு, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாரணும்.

எட்டாம் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இந்த வேலையையே பயந்து பயந்துதான் குடுத்தாங்க.

காரணம் இருக்கு. அக்காவைப் பொண்ணு கேட்டு ஒரு இடம் வந்திருந்துச்சு. மாப்பிள்ளை ரயில்வேயில கிளார்க்கு. அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மாப்பிள்ளையோட அம்மாதான் ஒரு நிபந்தனை போட்டுச்சு. கிறிஸ்மஸ் அன்னிக்கு வருவாங்களாம், பொண்ணு கையால செஞ்ச கேக்கைத் தின்னு பார்ப்பாங்களாம், அப்புறம்தான் வாயைத் தெறந்து சரின்னு சொல்லுவாங்களாம்.

வீடே படபடன்னு இருந்துச்சு. எங்கம்மாவுக்குக் கிறிஸ்மஸ் வந்தாலே கோவமும் கூட வரும். போன வருசம் முறுக்கு கருகினதுக்கு ரெண்டு வாரம் அப்பாகூடப் பேசலை. முறுக்கைச் சுட்டது அம்மாதான், அது வேற விசயம். அதனால இந்த வருசம் அப்பா ஒரு சட்டம் போட்டாரு. பண்டிகை முடியுற வரைக்கும் எது நடந்தாலும் யாரும் கோவப்படக் கூடாது, எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கணும். அம்மாவும் பைபிள் மேல கை வெச்சு சரின்னாங்க.

அக்கா மாவு டின்னை என் கையில குடுக்கறப்ப மெதுவா சொன்னா: "டேய், இது கேக்கு இல்ல, என் வாழ்க்கை. குலுக்காதே."

குலுக்கலை. டிராமுல பச்சைப் புள்ளையைத் தூக்கிட்டுப் போற மாதிரி மடியில வெச்சுட்டுப் போனேன். எதுத்தாப்புல இருந்த பர்மாக்கார அம்மா, மூடியிருந்த துணியை எட்டிப் பார்த்து, ஆணா பொண்ணான்னு கேட்டுச்சு.

ரொட்டிக்கடையில ரங்கூன் தமிழ் கிறிஸ்தவங்க பாதிப் பேரு வரிசையில நிக்கறாங்க. எல்லாரு கையிலயும் ஒரே மாதிரி டின்னு. டின்னு எல்லாம் கடை பாய் குடுத்ததுதான். காகிதத்துல பேரு எழுதி ஒட்டினா அடுப்புல எரிஞ்சுரும். அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முந்திரிக் கணக்கு. மாவு மேல முந்திரியை வெச்சு அடையாளம் காட்டணும். எங்க வீட்டுக்கு அஞ்சு முந்திரி, நட்சத்திரம் மாதிரி.

ரெண்டு மணி நேரம் நின்னேன். வரிசை நகரவே இல்ல. அக்கா வாழ்க்கை என் கையில கனக்குது. மனசு படபடங்குது. எனக்குப் படபடப்பு வந்தா வாய் சும்மா இருக்காது. பேசுறதுக்கு ஆள் கிடைக்கலையா, ஒரு முந்திரியை எடுத்து வாயில போட்டுட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன். மீதி நாலு. எனக்கு முன்னாடி நின்ன ஆர்மோனியக்காரர் வீட்டு டின்னுலயும் நாலு!

சரி, குழப்பம் வேண்டாம்னு இன்னொண்ணையும் தின்னேன். மூணு ஆச்சு. மூணு முந்திரி உபதேசியார் வீட்டு அடையாளம். பின்னாடியே உபதேசியார் சம்சாரம் நிக்கறாங்க. உங்க டின்னுலேருந்து ஒண்ணே ஒண்ணு குடுங்கம்மா, நாலாக்கிக்கறேன்னு... இல்ல, நாலும் ஆகாது. ரெண்டு குடுங்கன்னு கேட்டேன்.

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. "பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு வெச்சிருக்கேன். இதுல எந்த ரெண்டு பேரைத் தம்பிக்கு எடுத்துக் குடுக்கட்டும்?"

நான் திரும்பி நின்னு இன்னொண்ணைத் தின்னேன். ரெண்டு முந்திரி, புதுசா கல்யாணமான தந்தி ஆபீஸ் ஜோடியோடது. அதுவும் போச்சு. ஒண்ணு, ஒண்டிக்கட்டையா இருக்கற டிரில் மாஸ்டரோடது. அதையும் தின்னேன்.

இப்ப மொட்டை. அப்பதான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. ஊரு டின்னெல்லாம் முந்திரியோட இருக்கு, நம்மது ஒண்ணுதான் மொட்டை. இதைவிட நல்ல அடையாளம் உண்டா? டின்னை அடுப்பு மேடையில வெச்சுட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கிட்டு, சீனக்காரத் தெருவுல ஒரு சுத்து சுத்தப் போயிட்டேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்து, பாய், நம்ம மொட்டையைக் குடுங்கன்னேன்.

பாய் தலையைச் சொறிஞ்சாரு. "தம்பி, மொட்டையெல்லாம் கடைச் சரக்கு. விக்கறதுக்குச் சுடுறது. எட்டுத்தான் போட்டேன், ஒம்பது வந்துச்சு. ஆண்டவன் குடுத்த பரக்கத்துன்னு நெனச்சு அதையும் வித்துட்டேனே."

யாருக்குன்னு கேட்டேன். கடைசியா ஒரு அம்மா அவசர அவசரமா வந்து வாங்கிட்டுப் போச்சாம். மூஞ்சி ஞாபகம் இல்லையாம். பாவம், மனசு கேக்காம ஒரு பை நெறைய பன்னு குடுத்தாரு.

வீட்டுல பன்னை வெச்சுட்டு நடந்ததைச் சொன்னேன். ஊற வெச்ச திராட்சை, முட்டை எல்லாம் தீர்ந்து போச்சு, மறுபடி செய்ய வழியில்ல. அக்கா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. சட்டம் இல்லையா! அந்தச் சிரிப்பைப் பார்த்த அப்பாவே ரெண்டு அடி பின்னால போனாரு.

மறுநாள் கோயில் முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. தட்டுல பன்னு. நாங்க நாலு பேரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறோம்.

மாப்பிள்ளையோட அம்மா ஒரு டப்பாவைத் தெறந்தாங்க. "முதல்ல எங்க வீட்டுப் பக்குவத்தைப் பொண்ணு தெரிஞ்சுக்கட்டும். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து நானே செஞ்சேன்."

உள்ள ஒரு கேக்கு. மொட்டை.

ஒரு துண்டு வாயில போட்டேன். இஞ்சி மொரப்பா! கேக்குல இஞ்சி மொரப்பாவை நறுக்கிப் போடுற ஒரே ஆளு ரங்கூன்ல எங்கக்காதான். அக்கா என்னைப் பார்த்தா. அம்மா அக்காவைப் பார்த்தாங்க. என் நாக்கு துறுதுறுங்குது. ஒரு வார்த்தை சொன்னா அந்தம்மா மானம் போகும், கூடவே கல்யாணமும் போகும். பொறந்ததுலேருந்து முதல் தடவையா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

அம்மா சிரிச்ச முகம் மாறாமக் கேட்டாங்க: "எத்தனை முட்டை போட்டீங்க மதினி?"

"இருந்ததை எல்லாம் போட்டேன்"னு சொல்லிட்டு அந்தம்மா தண்ணி குடிச்சாங்க. அப்புறம், பொண்ணு செஞ்சது எங்கேன்னு கேட்டாங்க.

அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "எனக்கு உங்க பக்குவம் ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை. வர்ற ஞாயித்துக்கிழமை அச்சு அசலா இதே மாதிரி செஞ்சு அனுப்பறேன். தின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க."

அதுக்குள்ள இருபத்தாறாம் தேதி விடிஞ்சுது. சட்டம் முடிஞ்சுது. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. காது இப்ப பரவாயில்ல.

ஞாயித்துக்கிழமை கேக்கு போச்சு. அந்தம்மா ஒரு துண்டு தின்னுட்டு மறுபடியும் தண்ணி குடிச்சாங்களாம். அப்புறம், பொண்ணு கெட்டிக்காரி, சீக்கிரம் நாள் பாருங்கன்னு சொல்லி விட்டாங்க.

அந்தத் தடவை அக்கா முந்திரிக்குப் பதிலா அஞ்சு கிராம்பைக் குத்தி அனுப்பினா. ஒண்ணைக் கடிச்சுப் பார்த்தேன். மீதி நாலும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு.