நாம் பார்க்காமல் எழுந்துவந்த கடைசிக் கட்டம்

ஆர்.எஸ்.புரம், கோயமுத்தூர்
27-12-1995

அன்புள்ள தம்பி லட்சுமணசாமிக்கு அக்காள் ராசாத்தாள் எழுதிக்கொண்டது. கோபியில் நீயும் உன் சம்சாரமும் தென்னைமரமும் சுகமா? இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதியாயிற்று. இனி நடந்ததைக் கேள்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் இருந்தவர்கள்: நான், உன் மச்சான், என் மகள் வயிற்றுப் பேத்தி புவனா, அவள் வீட்டுக்காரர் கதிர்வேல், அவரைப் பெற்ற சாந்தாமணி (கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றாமலே இலையை எடுக்கச் சொன்ன அதே சாந்தாமணி), இங்கிலீசை எங்களுக்குச் சொல்வதற்காகப் பக்கத்து வீட்டு ஜன்னத் டீச்சர். நாளைக்கு வேறு யாராவது வந்து நானும் இருந்தேன் என்றால் நம்பாதே.

பார்த்தது எந்தப் படம் என்று சொன்னால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் உன் பள்ளிக்கூட மைதானத்தில் கிறிஸ்துமஸுக்கென்று பாதிரியார்கள் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்களே, அதே படம். பெயர் அன்றைக்கும் என் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை, அதற்குள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். நம்மைப் பெற்ற ஐயன் எனக்குச் சீராகக் கொடுத்த காங்கேயத்துப் பசுவை உன் மச்சான் அந்தியூர்ச் சந்தையில் விற்றுவிட்டார். பசு போனால் போகிறது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அவரே வந்து கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தேன். நீதான் என்னையும் அம்மாவையும் படத்துக்குக் கூட்டிப்போனாய். படத்தில் ஊரெல்லாம் பனி. பஞ்சுமில்லின் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டதோ என்று நினைத்தேன், அத்தனை வெள்ளை. அதில் ஒரு ரொட்டிக்கடைக்காரன். அவன் பெண்டாட்டி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பியானோவை அவளைக் கேட்காமல் விற்றுப்போடுகிறான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தையல்காரி வீட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. நம் வீட்டுப் பசு விஷயம் சீமைக்காரனுக்கு யார் சொன்னது? கிறிஸ்துமஸ் சாயங்காலம் அவள் பனியில் நடந்து அவன் வாசலுக்கு வருகிறாள், கதவு திறக்கிறது, அந்த நேரம் பார்த்து அம்மா "கடைசி பஸ்ஸு போயிரும், எந்திரிங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முந்தின நாளே பையன்களோடு அந்தப் படத்தைப் பார்த்திருந்த நீதான் பஸ்ஸில் முடிவைச் சொன்னாய். "அவளே உள்ள போயிட்டாக்கா. போயி அடுப்பப் பத்த வெச்சு ரொட்டி சுட்டா. பொம்பள எறங்கி வந்தாத்தான் ஊடு வெளங்கும்னு பாதிரியாரே சொன்னாருக்கா." சாமி பிறந்த நாளில் காட்டுகிற படம் பொய் சொல்லுமா? மறுநாள் காலையில் நானே பஸ் ஏறி உன் மச்சான் வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து எந்தச் சண்டையானாலும் இறங்கி வந்தது நான்தான். எந்த வீட்டுப் பெண் கோபித்துக்கொண்டு வந்தாலும் இந்தப் படத்தைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன். உன் சம்சாரத்தையே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன், மறந்துவிடாதே.

இப்போது புவனா வந்து உட்கார்ந்திருந்தாள். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள். சாந்தாமணி அந்த சென்டருக்கு போன் போட்டு "எங்க மருமக இனி வர மாட்டா" என்று சொல்லிவிட்டாள். கதிர்வேல் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம், தலையைத் தூக்கவே இல்லையாம். "அவரு வாயத் தொறந்து பேசாம நான் போக மாட்டேன் அம்மிச்சி" என்கிறாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன், படித்த பெண், மடங்கவில்லை. அப்போதுதான் ஜன்னத் டீச்சர் பேப்பரில் பார்த்து, கிறிஸ்துமஸ் அன்று கேபிளில் ஒரு பழைய பனிப் படம் போடுகிறார்கள், ரொட்டிக்கடைக்காரன் கதை என்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாரியாத்தாளே அனுப்பிவைத்தாள் என்று நினைத்துக்கொண்டு, நானே சாந்தாமணிக்கு போன் போட்டேன். "மகனையும் கூட்டிட்டு வாங்க. கச்சாயம் சுட்டு வெக்கறேன். படத்தப் பார்த்துப்போட்டுப் பிள்ளையக் கையோட கூட்டிட்டுப் போயிருங்க."

தம்பி, படம் ஆரம்பித்தது. அதே பனி, அதே மணிக்கூண்டு. அந்தப் பொம்பளை முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. எனக்குப் பல்லெல்லாம் போய்க் கண்ணில் புரையும் எடுத்தாயிற்று, அவள் அன்றைக்கு எந்த வேகத்தில் வீட்டை விட்டு இறங்கினாளோ அதே வேகத்தில் இன்றைக்கும் இறங்குகிறாள். நாம் பஸ்ஸுக்கு எழுந்து போனது தெரியாமல் இத்தனை வருஷமாக அந்த வாசலிலேயே நின்றிருக்கிறாளே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாந்தாமணி சும்மா இருப்பாளா? "இந்தக் குளுருல மப்ளர் இல்லாம போறா பாருங்க. ஊட்டுல மாமியாக்காரி ஒருத்தி இருந்தாச் சொல்லியிருப்பா" என்றாள். "மாமியா இருந்திருந்தா பியானோவ அவங்களே வித்திருப்பாங்க" என்றாள் புவனா. கதிர்வேல் கச்சாயத்தை வாயில் வைத்தவர் மெல்லவில்லை.

அவள் வாசலுக்கு வந்தாள். கதவு திறந்தது. நான் புவனாவை முழங்கையால் இடித்து "இப்பப் பாரு கண்ணு" என்றேன். அவள் உள்ளே போகவில்லை, தம்பி! படியிலேயே நின்று ஏதோ சொன்னாள். ஜன்னத் டீச்சர் மெதுவாகத்தான் சொன்னாள்: "கோவம் தீந்துருச்சாம். அதச் சொல்லத்தான் வந்தாளாம். ஆனா வித்தது நீ, நடக்க வேண்டியதும் நீதான்கிறா." சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்துவிட்டாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். அப்புறம் விளக்கை ஊதினான், கதவைப் பூட்டினான், பூட்ஸைக்கூடச் சரியாக மாட்டாமல் பனியில் இறங்கிவிட்டான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கால் பதிந்த குழியிலேயே அவன் கால் வைத்துப் போகிறான். மணி அடிக்கிறது. அவ்வளவுதான் படம்.

கருவறைத் திரையை விலக்கினால் கூட்டம் ஒரு நொடி மூச்சுவிடாதே, அப்படி இருந்தது. சாமியை இத்தனை நாள் முதுகுப்பக்கமாக நின்று கும்பிட்டிருக்கிறேனே என்று நினைத்தேன். நல்ல மனசோடு மன்னித்தும்விடலாம், ஆனாலும் தப்புச் செய்தவன்தான் நடக்க வேண்டும் என்று ஒரு சேதி இந்த உலகத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் வந்து சேரவில்லை.

"அடுப்பெங்க டீச்சர்? ரொட்டியெங்க?" என்று கேட்டேன்.

"அடுப்பே காட்டலீங்களே, ராசாத்தாம்மா."

நான் உன் மச்சானைப் பார்த்தேன். அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "லட்சுமணன் சொன்ன கதை வேறயாச்சே" என்றேன். "அதுக்குத்தான் அவனுக்கு சைக்கிள் டைனமோ லைட்டு வாங்கிக் குடுத்தேன்" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால்!

சாந்தாமணி எழுந்துவிட்டாள். "ஏனுங்க பெரியம்மா, இதக் காட்டத்தான் கச்சாயம் சுட்டு வெச்சுக் கூப்புட்டீங்களா?" புவனா கதிர்வேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கச்சாயத்தை விழுங்கிவிட்டு, "அம்மா, நீங்க பஸ்ஸேறிக்கங்க. நான் இங்கதான் இருக்கப்போறேன். லீவு முடிஞ்சு சென்டரு தொறந்ததும் நானே போயி, போன்ல சொன்னது தப்புங்க, எம்பொண்டாட்டி வருவான்னு சொல்லிப்போட்டு வாரேன்" என்றார். பேப்பருக்குப் பின்னால் இத்தனை பேச்சு இருந்திருக்கிறது பார். புவனா எழுந்து உள்ளே போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், முகத்தை மட்டும் என்னிடம் காட்டவில்லை. "மனுசன் இப்படித்தான் படம் பார்த்துக் கெட்டுப்போறது" என்று சொல்லிவிட்டு சாந்தாமணி கிளம்பினாள். மீதிக் கச்சாயத்தை மட்டும் தூக்குப்போசியோடு எடுத்துக்கொண்டாள். போசி இன்னும் வரவில்லை.

சின்னஞ்சிறுசுகளுக்கு நல்லதாயிற்று. எனக்கு? அன்றைக்கே நான் சேலையை மஞ்சள்பையில் திணித்துக்கொண்டு ஜன்னத் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை இங்கிருந்துதான் எழுதுகிறேன். எனக்குக் கோபமே இல்லை, தம்பி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் நடந்து வர வேண்டும். பனியில்லை, பள்ளமில்லை, நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான். அவரோ அந்தப் பக்கமே நின்று "ஏம்புள்ள, சக்கர டப்பா எங்க?" என்கிறார். அப்புறம் "பாலு பொங்கிருச்சு, என்ன பண்றது?" என்கிறார். இன்றைக்குப் பேத்தியும் அவள் வீட்டுக்காரரும் மருதமலைக்குப் போய்விட்டார்கள், அவருக்குச் சோறு போடவும் ஆளில்லை. அப்படியும் வரவில்லை. ஜன்னத் டீச்சர் ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் "வாராருங்களா?" என்று கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

நான் எல்லோரையும் மன்னித்துவிட்டேன். படம் அப்படிப்பட்டது. ரசத்துக்காக சாந்தாமணியை மன்னித்தேன், கடைசி பஸ்ஸுக்காக அம்மாவை மன்னித்தேன், பசு வாங்கிய அந்தியூர்க்காரனை மன்னித்தேன். உன்னையும் மன்னித்தேன். மீசை முளைக்காத வயசு, டைனமோ லைட்டு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? உனக்கும் உன் பிள்ளைகுட்டிகளுக்கும் மாரியாத்தாள் ஒரு குறையும் வைக்க மாட்டாள். ஒரே ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். தாலி ஏறிய நாளிலிருந்து அந்தப் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை. ரேஷன் கார்டுக்குக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். இன்றைக்கு எழுதுகிறேன். அப்புசாமி.

உன் அக்காள்,
ராசாத்தாள்

பின்குறிப்பு: மேலே எழுதின உன் மச்சான் பெயரைப் படிக்காதே. அடித்துப் பார்த்தேன், அப்படியும் தெரிகிறது. கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. குரங்குக்குல்லாய், ஸ்வெட்டர், கையில் தலையணை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். என்னை வா என்று கூப்பிடவில்லை. "டீச்சர், எனக்கும் ஒரு பாய் கெடைக்குங்களா?" என்கிறார்! டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்: "நீ படம் பார்த்துட்டு வந்த மறுநாளு, அன்னைக்கும் வந்தேன்புள்ள. மொத பஸ்ஸுல உங்க ஊருல வந்து எறங்குனேன். உன்ற தம்பி ஸ்டாப்புலயே நின்னுட்டு, நீங்க எதுக்கு மச்சான் வந்தீங்க, ஒரு கதை சொல்லி வெச்சிருக்கறேன், அக்காளே வந்துருவா, உங்களப் பார்த்தா தலைமேல ஏறிக்குவான்னு அதே பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டான். மத்தியானத்துக்குள்ள நீயே வந்து நின்னயா, அந்தச் சந்தோசத்துல சொல்ல மறந்துபோச்சு." ஆக, என் வீட்டுக்காரர் எனக்காக நடந்து வந்திருக்கிறார். பஸ் நின்ற இடம் வரைக்கும் வந்தவரை ஒருத்தன் திருப்பி அனுப்பியிருக்கிறான். ஆகையால் மேலே எழுதினதை மாற்றிப் படித்துக்கொள். அவரை மன்னித்தாயிற்று. மன்னிக்காதது ஒரே ஒருவனைத்தான். லட்சுமணசாமி.