கட்டுமாவடிக்குப் பதினோரு நாள்

புதுக்கோட்டைக்கும் டென்மார்க்குக்கும் உள்ள தூரத்தை வருஷக் கணக்கில் சொல்லத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'பேட்டன்ட்'.

ஐம்பதுகளில் நான் அங்கே கிளார்க். டைப் அடிக்கத் தெரிந்த பாவத்துக்கு, அவருடைய கண்டுபிடிப்புகளை இங்கிலீஷில் எழுதிக் கல்கத்தா பேட்டன்ட் ஆபீசுக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. புதிதாக ஒன்றைச் செய்தவர் அதை அங்கே தம் பேரில் பதிந்துகொள்ளலாம். பேட்டன்ட் பேரில் ஒன்றும் பதிவாகவில்லை. 'இதை இன்ன நாட்டுக்காரர் இன்ன வருஷமே பதிந்துவிட்டார்' என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில் வரும்.

வேறொருவர் என்றால் இடிந்துபோயிருப்பார். இவர் முகம் மலர்ந்து, "எத்தனை வருஷம் சார்?" என்பார். கழித்துப் பார்த்து ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். மிதித்தால் திறக்கும் பஸ் கதவு: ஜெர்மனி, நாற்பது வருஷம். தானே திரும்பும் ஹெட்லைட்: இங்கிலாந்து, இருபத்தெட்டு. அங்கே ஒருவனுக்குத் தோன்றியது இங்கே வந்து சேர அவ்வளவு காலமாம். நீங்களாக யோசித்ததுதானே என்று கேட்டால், "காத்துல வராமயா இருக்கும்?" என்பார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஒரு தடவையாவது அந்தக் கடிதம் ஒரு வெள்ளைக்காரனுக்குப் போக வேண்டும். அதில், இதைப் புதுக்கோட்டைக்காரர் முன்பே செய்துவிட்டார் என்று இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும்.

கட்டுமாவடி பஸ்ஸின் கூரையில் மீன் கூடைகள் வரும். ஐஸ் கரைந்து ஜன்னலோரத்துத் தலைகளுக்கெல்லாம் அபிஷேகம் நடக்கும். பேட்டன்ட் ஒரு கூடைக்கு அடியில் தகரத் தட்டு பொருத்தி, நீர் வடிய ரப்பர் குழாயும் வைத்து, ஒரு நடை அனுப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. இந்தத் தடவை நிச்சயம் என்று நானே நம்பினேன்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. டென்மார்க், நாலு வருஷம். அன்று அவர் சாக்பீஸைத் தொடவில்லை.

அடுத்த மாதம் கட்டுமாவடியில் பஸ் நின்றுபோய், அதைப் பழுதுபார்க்க அவர் போனார். உதிரிப் பாகங்களின் பட்டியலோடு நானும் போனேன். அங்கே தொண்டிப் பக்கம் போகும் லாரியில் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் தகரத் தட்டு, ரப்பர் குழாய். மீன் வியாபாரி ராவுத்தரிடம் இது யார் யோசனை என்று கேட்டேன்.

"புதுக்கோட்டை பஸ் ஷெட்ல ஒரு பிட்டரு செஞ்சதுங்க. பேரு தெரியாது. பஸ்ஸுல ஒரு கூடையத்தான் பாத்தோம், பதினோராம் நாளு நாங்களும் அடிச்சுட்டோம்."

இவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பேட்டன்ட் என் கையை அழுத்திவிட்டார். ஷெட்டுக்குத் திரும்பியதும் டென்மார்க்கை எழுதினார். அதற்குக் கீழே, 'கட்டுமாவடி, பதினோரு நாள்'. அதை மட்டும் பெயின்டால் எழுதினார்.

இன்றும் எந்த வண்டியிலாவது அந்தத் தகரத் தட்டைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும், இது எங்கள் பேட்டன்ட் செய்தது என்று சொல்லிவிடுகிறேன். டென்மார்க்காரரைப் பற்றி நான் மூச்சுவிடுவதில்லை.